இரண்டாவது கையெழுத்து

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து பத்தாயத்துக்கு, எங்கள் மென்பொருள் களஞ்சியத்துக்கு, மூச்சுத் திணறல். ஆட்கள் வந்து எடுத்துப்போகிற கூட்டமென்றால் சந்தோஷப்படலாம். ஆட்கள் இல்லை. எங்கேயோ இருக்கிற பெரிய கம்பெனி எதுவோ ஏவிவிட்ட தானியங்கிகள். இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கும் மூலநிரல் அத்தனையையும் ஒரு வரி விடாமல் மேய்கின்றன. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து மேய்ச்சல். ஒரு கதவை அடைத்தால் வேறு முகவரியில் வந்து நிற்கின்றன. நடுவில் யாரோ ஒரு வாத்தியார் ஒரே ஒரு எழுத்துருவை இறக்க வந்தால் அவருக்கு மட்டும் ‘பிறகு முயலவும்’ என்று வருகிறது. ரொம்ப நல்ல நியாயம்.

கலா வந்து கதவில் நின்றாள். லாட்ஜ் அவளுடையது. பத்தாயம் ஓடுகிற கணினிப் பெட்டி இருப்பது அவள் பெட்ஷீட் அடுக்கும் அறையில். அதைச் சொல்லிக்காட்ட அவள் என்றும் மறந்ததில்லை.

“ஏனுங்கண்ணி, மேல் ரூம்காரங்க நெட்டு சுத்துது சுத்துதுன்னு கத்தறாங்க. உங்க பொட்டியச் சித்த நேரம் நிறுத்தி வெச்சா என்னங்க?”

“நிறுத்தினா ஊர் பூரா நிக்கும்.”

“எந்த ஊருங்க நிக்குது? என்ற ஊடுதான் நிக்குது.”

எத்தனை தடவை விளக்கியிருப்பேன். தமிழில் தட்டச்சு செய்யும் நிரல், எழுத்துரு, நூலகப் பதிவு, கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் ‘செவிவழி’ — எல்லாம் யார் யாரோ சும்மா எழுதிக் கொடுத்தவை. அவற்றின் மூலநிரல் ஒரே இடத்தில், யாரும் கைவைக்காமல், கேட்கிற எவருக்கும் கிடைக்க வேண்டும் என்று அவளுடைய அண்ணன், என் வீட்டுக்காரர், தொடங்கியதுதான் பத்தாயம். அண்ணன் போய் மூன்று வருடம். பெட்டி ஓடுகிறது, நானும் ஓடுகிறேன். “சரிங்கண்ணி” என்று சொல்லிவிட்டுப் போர்வைகளை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் ‘சரிங்கண்ணி’க்கு ஒரு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 15, புதன்

பெங்களூரிலிருந்து வெங்கடேஷ் போன். எடுக்கவில்லை. அடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஏற்காடு ஏரிப் பக்கம் கால் வைக்க இடமில்லை. சேலத்திலிருந்து வருகிற கார் ஒவ்வொன்றும் ஒண்டிக்கடை முக்கில் திரும்பத் தெரியாமல் நின்று ஹாரன் அடிக்கிறது.

வெங்கடேஷ் மறுபடி இரண்டு தடவை. எடுக்க மாட்டேன். போன மாதம் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மூடிரலாங்க்கா. இப்பெல்லாம் இது யாருக்கு வேணும்? அண்ணனும் இல்ல. நாம ரெண்டு பேர் என்னத்தப் பண்றது?” கல்லூரியில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து மலையேறி வந்து, இவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையால் சாப்பிட்டு, வேலை கற்றுக்கொண்டவன். இப்போது பெங்களூரில் பெரிய சம்பளம். மூடிரலாம் என்கிறான். கடைக்கு ஷட்டர் இழுக்கிற மாதிரி.

போனை வைக்கும் முன் அவன் இன்னொன்றும் சொன்னான். “மூடலைன்னா மூணாவது ஆளையாவது போடுங்க அக்கா.” அது நியாயம்தான். எனக்குத் தெரியாதா? பத்தாயத்தில் காப்பாளர் மூன்று பேர்: இவர், நான், வெங்கடேஷ். எது வெளியே போனாலும் அதில் இரண்டு பேர், அவரவர் கணினியில் இருக்கும் ரகசியச் சாவியால், கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மூலநிரலிலிருந்து ஓடுகிற மென்பொருளைக் கட்டித் தயார் செய்தால், மற்றவர் தன் வீட்டில், தன் கணினியில் பிரித்து, தானே கட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாததை எந்த ஊர்க் கணினியும் உள்ளே விடாது. புதிதாக ஒரு காப்பாளரைச் சேர்ப்பதற்கும் அதே இரண்டு. எல்லாம் இவர் வைத்த விதி.

மூன்றாவது ஆளைப் போட வேண்டுமென்றால் இவர் பெயரை எடுக்க வேண்டும். காப்பாளர்கள் பக்கத்தில் முதல் பெயர் இன்னும் ஜீவானந்தம். எடுக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு எந்தச் சாக்கும் இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. நெட் இல்லை. வாழவந்திப் பாதையில் சில்வர் ஓக் ஒன்று கம்பி மேல் சாய்ந்துவிட்டதாம். கேபிள் வெள்ளையன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். “மரத்துக்குப் பக்கத்துல காட்டெருமை நிக்குதுங்க அம்மிணி. அது நவுந்தாத்தான் நானு ஏற முடியும். அதுகிட்ட நானு என்னன்னு சொல்றது?” என்றார். ஏதோ சிரித்தேன். தானியங்கிகளுக்கு இன்று லீவு.

நவம்பர் 3, திங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

வெங்கடேஷ் சாவியை அழித்துவிட்டான்.

புதிய கம்பெனியாம். வெளிவேலை எதுவும், சும்மா செய்கிற வேலைகூட, கூடாது என்று ஒப்பந்தமாம். வெள்ளிக்கிழமை சேர்ந்தான். விலகுகிற காப்பாளர் தன் சாவியை அன்றே அழிக்க வேண்டும், பிரதிகூட இருக்கக் கூடாது. இதுவும் இவர் வைத்த விதிதான். அவன் அட்சரம் பிசகாமல் செய்துவிட்டு இன்று குறுஞ்செய்தி அனுப்புகிறான்: ‘மன்னிச்சிருங்க அக்கா. மூணாவது ஆள் பேர் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்னு மெயில் போட்டேன். போனும் பண்ணினேன். நீங்க பதிலே தரல.’

மெயில் இருக்கிறது. பெட்டி மூச்சுத் திணறும்போதெல்லாம் அதுவே எனக்கு அபாயச் செய்தி அனுப்பும்படி வைத்திருக்கிறேன். அந்த ஆயிரக்கணக்கான ஒப்பாரிக்கு நடுவில் அவன் மெயில் கிடந்தது. இன்றுதான் பார்த்தேன்.

உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“ஒரு வாரம் பொறுக்கக் கூடாதாடா?”

“சேர்ற அன்னைக்கே எழுதி வாங்கறாங்க அக்கா. பொய் எழுதித் தரச் சொல்றீங்களா?”

“ஒளிச்சு வெச்சிருக்கலாம்ல?”

“அண்ணன் இருந்தா இப்படிக் கேப்பாங்களா?”

வைத்துவிட்டேன். ஒளித்து வை என்று கேட்டது நான்தானே. என் வாயில் இருந்துதானே வந்தது. சீ.

ஆக, மூன்று சாவியில் உயிரோடு இருப்பது ஒன்று. என்னுடையது. இதை வைத்துக்கொண்டு பத்தாயத்திலிருந்து ஒரு கைப்பிடிகூட வெளியே அள்ள முடியாது. புது ஆளையும் சேர்க்க முடியாது. கதவு அப்படியே பூட்டிக்கொண்டது, உள்ளே நான்.

நவம்பர் 12, புதன்

ஒருவன் பத்தாயத்தின் மெயில் குழுவுக்கு எழுதியிருக்கிறான். ‘இனி பத்தாயம் எதற்கு? வேண்டிய நிரலை ஏஐ இயந்திரத்திடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறதே.’ மாதிரிக்கு ஒன்றை ஒட்டியும் வைத்திருக்கிறான். படித்தேன். நடுவில் ஒரு குறிப்பு வரி: ‘இந்த இடத்தில் தலை சுற்றினால் ஒரு காபி குடித்துவிட்டு வரவும்.’

இவர் எழுதியது. இந்த வீட்டுச் சமையலறை மேடையில் உட்கார்ந்து, எங்கள் மலைக் காபியைக் குடித்துக்கொண்டு எழுதியது. பத்தாயத்தை மேய்ந்த மாடு அப்படியே போட்டிருக்கிறது. அந்தப் பையனுக்கு அது யாருடைய காபி என்று தெரியாது. பதில் எழுத ஆரம்பித்து, கெட்ட வார்த்தை வந்ததால் நிறுத்தினேன்.

நவம்பர் 24, திங்கள்

செவிவழி ஊமையாகிவிட்டது.

போன வாரம் கணினிகளின் அடிப்படை மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டதாம். அதற்கும் செவிவழிக்கும் ஒத்துப்போகவில்லை. புதுப்பித்த கணினி எதுவும் பேசவில்லை. காலையிலிருந்து போன். கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர், செல்வமேரி. அவருக்கும் கண் தெரியாது. பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறவர். “அரையாண்டுப் பரிச்சை வருதுங்க மேடம். எங்க பிள்ளைங்க கேள்வித்தாளையே கம்ப்யூட்டர்லதான் கேட்டு எழுதுவாங்க. போன வருசம்தான் அதுக்கு அனுமதி வாங்கினோம். இப்ப இது பேசலைன்னா, ‘பாத்தீங்களா, இதெல்லாம் சரிப்படாது’ன்னு மறுபடி நிறுத்திருவாங்க. எங்களுக்கு நொம்பச் சிரமமாப் போயிருங்க.” அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செவிவழியை எழுதியவர்கள் சும்மா இருக்கவில்லை. திருத்தம் அனுப்பிவிட்டார்கள். கட்டி முடித்து என் கையெழுத்தையும் போட்டேன். பக்கத்தில் இன்னொன்று வேண்டும். இல்லை.

நவம்பர் 26, புதன்

வெங்கடேஷைக் கூப்பிட்டேன். “சாவியே இல்லாம என்ன பண்றதுங்க அக்கா” என்றான். குரலில் அழுகை இருந்தது. இருக்கட்டும்.

எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் புதிய சாவிக்கொத்தை, எந்தக் கையெழுத்தை நம்பலாம் என்கிற பட்டியலை, கொடுத்து, ஒவ்வொரு கணினியிலும் கையால் மாற்றச் சொன்னால் வழி உண்டு. ஆனால் கணினி பேசாதபோது அதைப் பார்வையில்லாத டீச்சர் எப்படிச் செய்வார்? கண் தெரிந்த யாரையாவது பிடித்து உட்கார வைக்க வேண்டும். பரீட்சைக்குள் எல்லா ஊரிலும் நடக்காது.

பீரோவில் இவருடைய லேப்டாப் இருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

செய்துவிட்டேன்.

கெஸ்ட்டெல்லாம் பகோடா பாயிண்ட் பார்க்கப் போய்விட்டார்கள். கலா ஒண்டிக்கடைக்குக் காய் வாங்கப் போனாள். பட்டப்பகல், நல்ல வெயில். பீரோவைத் திறந்து எடுத்தேன். பாட்டரி செத்துக் கிடந்தது. ஒயரைச் சொருகினதும் உயிர் வந்தது. கடவுச்சொல் எனக்குத் தெரியும். தட்டும்போது வாய்க்குள் முணுமுணுப்பார், எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்.

இறந்தவரின் சாவியும் விலகியவரின் சாவி மாதிரிதான். அன்றே அழித்திருக்க வேண்டும். வெங்கடேஷ் அப்போது கேட்டபோது ‘ஆச்சு’ என்று சொன்னேன்.

திரையில் வந்தது. கையெழுத்து சரி. ஞானசுந்தரி. கையெழுத்து சரி. ஜீவானந்தம். இன்றைய தேதி.

இன்றைய தேதியில் இவர் பெயர். பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத. சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடத்தில் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. வெளியே அனுப்பிவிட்டு எழுந்துபோய் அவருக்கும் சேர்த்துக் காபி போட்டேன். இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன்.

நவம்பர் 29, சனி

கணினிகள் பேசத் தொடங்கிவிட்டன. நன்றி சொல்லி மூன்று பள்ளிக்கூடம். குறை சொல்லக் கூப்பிட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட மாட்டேன்.

செல்வமேரி கூப்பிட்டார். செவிவழி புதிதாக ஏறும்போது கையெழுத்துப் போட்டவர்களின் பெயரை வாய்விட்டுப் படிக்கும். எனக்கு அது மறந்தே போயிருந்தது. நான் திரையில் பார்க்கிறவள்.

“மேடம், ஜீவானந்தம் சார் பேர் சொல்லுச்சுங்க! எத்தனை நாள் ஆச்சு கேட்டு! மொதல்ல உங்க பேரும் அவர் பேரும்தான் வரும். அப்புறம் திடீர்னு வெங்கடேஷ்னு வந்துது. சாருக்கு உடம்பு சரியில்லைன்னு மட்டும் யாரோ சொன்னாங்க. இப்ப நல்லாயிட்டாருங்களா?”

யாரும் அவருக்குச் சொல்லவில்லை. யார் சொல்வது? காப்பாளர்கள் பக்கத்தில் பெயரை அப்படியே வைத்திருந்தது நான்தானே. நான் இவர் மனைவி என்பதும் அவருக்குத் தெரியாது.

“ம்” என்றேன்.

“நான் நொம்பக் கேட்டதாச் சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

சொன்னேன். போட்டோவுக்கு முன்னால் நின்று, “ஆத்தூர் டீச்சர் உங்கள நொம்பக் கேட்டாங்க” என்றேன். கலா பார்த்துவிட்டாள். பூவை வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 17, புதன்

நேற்று கணக்குப் பரீட்சை.

இன்று மத்தியானம் செல்வமேரி கூப்பிட்டார். “மேடம், செவிவழி தசமப் புள்ளிய விட்டுட்டுப் படிக்குதுங்க. மூணு புள்ளி அஞ்சுன்னு வரவேண்டியத முப்பத்தஞ்சுன்னு சொல்லுது. புள்ளைங்க கேட்டத அப்படியே போட்டுட்டாங்க. கவிப்பிரியான்னு ஒரு புள்ள, எப்பவும் நூத்துக்கு நூறு. பரிச்சை முடிஞ்சு எல்லாரும் விடை பேசும்போதுதான் தெரிஞ்சுது. அப்ப உக்காந்தவதான், எழுந்திரிக்கவே இல்ல. ‘என் காதுல தப்பா மிஸ்’னு கேக்கறா.”

அவரே தொடர்ந்தார். “சாருகிட்டச் சொல்லுங்க மேடம். எனக்கு அதுதான் புரியல. சார் பாத்திருந்தா இது தப்பியிருக்காதுங்களே. அவர் எப்பவும் கணக்குத்தாள் ஒண்ணப் படிக்க விட்டுக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு. எங்கிட்டயே சொல்லியிருக்காரு.”

ஆமாம். ஒரு பழைய ஏழாம் வகுப்புக் கணக்குத்தாள். செவிவழிக்கு எது வந்தாலும் அதைப் படிக்க விட்டு, கண்ணை மூடிக் கேட்பார். வெங்கடேஷும் கேட்பான். நான் கட்டுகிறவள், அவர்கள் கேட்கிறவர்கள். அன்று நான் கட்டினேன், நானே கையெழுத்துப் போட்டேன், அவர் பெயரிலும் நானே போட்டேன், காபி குடித்தேன். யாருமே கேட்கவில்லை.

“அவர் பாக்கலைங்க,” என்றேன். “அவர் இல்ல. மூணு வருசம் ஆச்சு. நான் அவர் பொண்டாட்டி. அவர் சாவிய எடுத்து நான்தான் போட்டேன்.”

“அப்ப அன்னைக்கு நீங்க ‘ம்’னு சொன்னது?” என்றார்.

போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 18, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிப் பத்தாயத்தின் முகப்பில் போட்டேன். எந்த வெளியீடு, யார் சாவி, என்ன பிழை, யார் செய்தது. மன்னிப்பு என்ற சொல்லை ஒரு தடவை எழுதினேன். அதற்கு மேல் எழுதினால் நடிப்பாகிவிடும். பள்ளிக்கூடங்களுக்குத் தனித்தனியாகப் போன் செய்து, அடிப்படை மென்பொருளையும் சேர்த்துப் பழைய வடிவத்துக்கு எப்படித் திரும்புவது என்று கண் தெரிந்தவர்களிடம் சொன்னேன். கணக்கை மட்டும் டீச்சர்கள் வாயால் படித்து மறுபரீட்சை வைக்கப்போகிறார்களாம். அனுமதி ரத்தாகவில்லை. இதுவரை இல்லை.

டிசம்பர் 22, திங்கள்

மெயிலில் திட்டு மழை. வடகிழக்குப் பருவம் முடியப் போகிறது, இது நிற்கவில்லை.

‘இருபது வருட நம்பிக்கையைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டீர்கள்’ என்று ஒருவர். அந்த இருபது வருடத்தில் அவரிடமிருந்து வந்த முதல் கடிதம் இது. எங்கள் நிரலை வைத்துத் தொழில் நடத்தும் கம்பெனி ஒன்று, தங்கள் பாதுகாப்பு விதிப்படி விளக்கம் தர வேண்டும் என்று கெடு விதித்திருக்கிறது. என் வேலைக்காரி நீ என்கிற தொனி. இத்தனை வருடத்தில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியதுண்டா இவர்கள்? உண்டா? போங்கடா.

ஆனால் அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் எரிகிறது.

வெங்கடேஷ் கூப்பிட்டான். எடுத்தேன். “அன்னைக்கே அழிச்சாச்சுன்னு சொன்னீங்களேக்கா” என்றான்.

“பொய் சொன்னேன்.”

“அண்ணன் சாவி என் கைல இருந்திருந்தா நானும் ஒருவேளை...” என்று இழுத்தான். முடிக்கவில்லை. முடிக்க விடவும் எனக்கு மனமில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

கிறிஸ்துமஸ் கூட்டம். லாட்ஜ் நிரம்பி வழிகிறது. பத்தாயத்தை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். கலாவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“இத்தன நாளு நானு சொன்னப்ப நிறுத்தல. ஊரு திட்டுதுன்னு நிறுத்தறீங்களாக்கும்?” என்றாள். கையில் துவைத்த உறைகள். “எங்கண்ணன் ஆரம்பிச்சத, எங்கண்ணன் பேரக் கெடுத்துப்போட்டு மூடுவீங்களாண்ணி? சரி பண்ணிட்டு மூடுங்க. அப்பறம் பொட்டிய நானே தூக்கி வெளிய வெக்கறேன்.”

சுருக்கென்று பட்டது. திருப்பிச் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

செல்வமேரி. நானாகக் கூப்பிடத் தைரியம் வரவில்லை, அவரே கூப்பிட்டார். வணக்கம் இல்லை, சுற்றி வளைக்கவில்லை.

“ரெண்டாவது கையெழுத்துக்கு ஆள் கெடச்சாங்களா?”

“இல்லைங்க.”

“மூலநிரல்ல இருந்து கட்ட எனக்குத் தெரியும். சார்தான் போன்ல சொல்லிக் கொடுத்தாரு. எனக்குத் தேவையானத நானே கட்டித்தான் ஓட்டறேன். நான் போடறேன்.”

அவசரத்தில் முட்டாள்தனமாக ஒன்றைச் சொன்னேன். “உங்களச் சேக்க ரெண்டு கையெழுத்து வேணும். அவர் சாவி இன்னும் இருக்கு. கடைசியா ஒரே ஒரு தடவை...”

“ஏனுங்க மேடம், இன்னுமா புத்தி வரல?” என்றார்.

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டியதுதான்.

ஜனவரி 10, சனி

செல்வமேரி மலையேறி வந்தார். காப்பாளர்கள் நேரில் சந்தித்து, கையைப் பிடித்துக் குலுக்கி, ஒருவர் சாவியின் அடையாள எழுத்துகளை மற்றவர் வாய்விட்டுப் படிக்கக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அதுவும் வழக்கம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, “எத்தன வளைவுங்க இது, காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. இந்தக் காத வெச்சு உங்க சாவியக் கேட்டா தப்பாப் போயிரும், மொதல்ல காபி குடுங்க” என்றார். முப்பது வயதுகூட இருக்காது. நான் வயதானவர் என்று நினைத்திருந்தேன்.

முதலில் இவருடைய சாவியை அழித்தேன். கலா பக்கத்தில் நின்றாள். செல்வமேரியின் கணினி ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஜீவானந்தம், சாவி நீக்கப்பட்டது.

“இனிமே அண்ணன் பேரச் சொல்லாதுங்களா அது?” என்றாள் கலா.

“புதுசுல சொல்லாதுங்க. பழசப் போட்டா சொல்லும். பழசையெல்லாம் பத்தாயத்துல அழிக்க மாட்டாங்களே,” என்றார் செல்வமேரி. “கேக்கறீங்களா?”

இவர் காலத்து வடிவம் ஒன்றை ஏற்றினார். சொன்னது. கலா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். நான் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது, எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்ல வேண்டும்.

பழைய கொத்தில் செல்வமேரியைச் சேர்க்க வழியில்லை, இனி ஒவ்வொரு ஊரிலும் புதுச் சாவிக்கொத்தைக் கையால் மாற்ற வேண்டும். செல்வமேரி போனிலேயே மற்ற டீச்சர்களுக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னார். பாதி ஊர் மாற்றாது என்று எனக்குத் தெரியும். அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

ஊர்களில் பாதிக்கும் குறைவுதான் திரும்பி வந்திருக்கிறது. விளக்கம் கேட்ட கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொண்டதாக எழுதியது. தொல்லை விட்டது. தானியங்கிகள் மட்டும் ஒன்றும் குறையவில்லை. அவற்றுக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.

கீழே ஒரு கெஸ்ட் நெட் சுற்றுகிறது என்று சத்தம் போட்டான். “ஏற்காட்டுக்கு வந்தா மலையப் பாருங்க சாமி” என்றாள் கலா. பெட்டியை வெளியே வைப்பது பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

தசமப் புள்ளிப் பிழையைத் திருத்திய செவிவழி. எழுதியவர்கள் அனுப்பிவிட்டார்கள், இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினேன். நானே கணக்குத்தாளைப் படிக்க விட்டும் கேட்டேன். மூன்று புள்ளி ஐந்து, அழகாகச் சொன்னது. கையெழுத்துப் போட்டுக் காலையில் செல்வமேரிக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்குள் வெளியே போய்விடும் என்று பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

நான்கு மணிக்குக் கூப்பிட்டார்.

“நான் போடலைங்க மேடம்.”

“ஏன்?”

“புள்ளி சரியா வருது. கழித்தல் குறிய முழுங்குது. மைனஸ் ஏழுன்னு இருந்தா ஏழுன்னு மட்டும் சொல்லுது. உங்க கணக்குத்தாள்ல கழித்தல் கணக்கே இல்ல போல, நான் எங்க புள்ளைங்களோடதப் போட்டுப் பாத்தேன்.”

“எல்லாருக்கும் இன்னைக்கு வருதுன்னு சொல்லிட்டேனே செல்வமேரி. இத இப்ப வெளிய விட்டுட்டு, அடுத்ததுல...”

“சொன்னா சொன்னதுதான். நான் போட மாட்டேன்.”

வந்த கோபத்துக்குப் போனை எறிந்திருப்பேன். இருபது வருடத்து அனுபவம் எனக்கு. நேற்று வந்தவள். ஒரு குறி, ஒரே ஒரு குறி. எழுந்து போய் ஜன்னலில் நின்றேன். மூடுபனி. எதிரில் இருக்கிற மரம்கூடத் தெரியவில்லை.

இவர் சாவி ஒருநாளும் மறுத்திருக்காது. நான் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றிருக்கும்.

பள்ளிக்கூடங்களுக்குப் போன் செய்து, இன்று வராது என்று சொன்னேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கழித்தல் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கலா காபி வைத்துவிட்டுப் போனாள். ஒரு டம்ளர்தான்.